மரபணு மாற்றப் பருத்தியும் விதர்பாவின் பெண்களும்

ஜூன் மாதத்தில் முதல் மழை மண்ணை நனைத்ததும் இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்திலுள்ள யவத்மால், வர்தா, அகோலா போன்ற மாவட்டங்களில் விதைக் கடைகளின் முன்னே கூட்டம் சேர்ந்துவிடும். விதர்பா என அழைக்கப்படும் இந்தப் பிரதேசத்தில் பருத்தி பிரதான பணப்பயிர். கடை வாசலில் நிற்பவர்கள் அநேகமாக ஆண்கள். எந்தக் கம்பனியின் விதை, எத்தனை பக்கற், கைக்காசா கடனா என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். வாங்கி வந்த விதையைக் கரிசல் மண்ணில் குனிந்து குனிந்து ஊன்றுபவர்களோ பெண்கள். களை பிடுங்குபவர்களும் பெண்கள். பஞ்சு பறிப்பவர்களும் பெண்கள். பருத்தி வயலில் ஒரு பருவத்தில் நடக்கும் வேலைகளைக் கணக்கெடுத்தால் உழவும் மருந்தடிப்பும் நீங்கலாகப் பெரும்பகுதி பெண்களின் கைகளாலேயே ஆகிறது.

அந்த விதை 2002ஆம் ஆண்டு முதல் மாறியது. மரபணு மாற்றம் செய்யப்பட்ட பி.ரி. பருத்தி வந்தது. அதனை அற்புதம் என்றார்கள் ஒரு சாரார். மரண விதை என்றார்கள் மறு சாரார். இரு சாராரும் விவசாயியின் பெயரால்தான் பேசினார்கள். ஆனால் விவசாயி ஏன் அதனை வாங்கினார், வாங்கியதை எப்படிப் பாவித்தார் என்பதைப் பொறுமையாகக் கேட்டவர்கள் குறைவு. வயலில் நின்ற அவருடைய மனைவியைக் கேட்டவர்கள் அதிலும் குறைவு.

புழுவுக்குப் பயந்த காலம்

பி.ரி. என்பது மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவின் பெயர்ச் சுருக்கம். அதனுள் உற்பத்தியாகும் ஒருவகைப் புரதம் சில புழுக்களின் குடலைச் சிதைத்துக் கொன்றுவிடும். அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை எடுத்துப் பருத்திச் செடிக்குள் புகுத்தியது அமெரிக்காவின் மொன்சாண்டோ கம்பனி. செடியின் இலையைக் கடித்தாலும் காயைக் குடைந்தாலும் புழு இறந்துபோகும். இந்தியாவில் மஹிகோ என்ற விதைக் கம்பனியோடு கூட்டுச் சேர்ந்து இதனைக் கொண்டுவந்தார்கள். 2002 மார்ச் மாதத்தில் மத்திய அரசின் குழு மூன்று கலப்பின வகைகளுக்கு அனுமதி வழங்கியது.

அதற்கு முந்திய நிலைமையை அறிந்தால்தான் விவசாயியின் மனம் விளங்கும். 1990களில் காய்ப்புழுவின் தொல்லை எல்லை மீறிப் போயிற்று. அடித்த கிருமிநாசினிகளுக்கெல்லாம் புழு பழகிவிட்டது. ஒரு பருவத்தில் பத்துத் தடவைக்கு மேல் மருந்தடித்தும் காய் மிஞ்சாத வயல்கள் இருந்தன. அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தின் வாரங்கல் மாவட்டத்தில் 1997, 98ஆம் ஆண்டுகளில் பருத்தி பொய்த்து விவசாயிகள் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் அநேகர் அருந்தியது அந்தக் கிருமிநாசினியையே. பி.ரி. விதை இந்திய மண்ணில் அனுமதி பெறுவதற்கு நான்கு வருடங்களுக்கு முந்திய கதை இது. எனவே தற்கொலைகளுக்கெல்லாம் இந்த விதையே காரணம் எனச் சொல்வது சரியாகாது. 2008இல் சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வும் அவ்வாறான நேரடித் தொடர்புக்கு ஆதாரமில்லை என்றே கூறியது. கடன், மழையை மட்டும் நம்பிய நிலம், விழுந்துபோகும் விலை ஆகியவை விதைக்கு முன்பும் இருந்தன, பின்பும் இருக்கின்றன.

குஜராத்தில் நடந்தது இதைவிடச் சுவையானது. 2001ஆம் ஆண்டு அங்கே காய்ப்புழு வயல் வயலாக அழித்துக்கொண்டு போனது. சில வயல்கள் மாத்திரம் பச்சைப் பசேலென நின்றன. விசாரித்தபோது நவபாரத் 151 என்ற பெயரில் விற்கப்பட்ட விதை அனுமதியில்லாத பி.ரி. பருத்தி எனத் தெரியவந்தது. பல்லாயிரம் ஏக்கரில் அது ஏற்கனவே முளைத்திருந்தது. பயிரை எரிக்க வேண்டும் என உத்தரவு வந்தது. விவசாயிகள் வயலுக்குக் குறுக்கே நின்றார்கள். காய்த்து நிற்கும் பருத்தியை யார்தான் எரிக்க விடுவார்? அனுமதி, ஆய்வு, சூழல் என்பவையெல்லாம் அவர்களுக்குத் தூரத்து விடயங்கள். கண்ணெதிரே புழுவில்லாத காய் நின்றது. கம்பனி ஏமாற்றி விற்றது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் விவசாயி தேடிப்போய் வாங்கினார். அடுத்தடுத்த வருடங்களில் அந்த விதையின் பிள்ளை விதைகள் கையோடு கையாக ஊர் ஊராகப் பரவின.

அனுமதி பெற்ற விதையின் விலையும் இதற்கு ஒரு காரணம். ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குப் போதுமான 450 கிராம் பக்கற் தொடக்கத்தில் சுமார் 1,600 இந்திய ரூபா. சாதாரண கலப்பின விதையை விட மூன்று நான்கு மடங்கு. 2006இல் ஆந்திர அரசு வழக்குத் தொடுத்துப் போராடிய பின்னரே அது 750 ரூபாவுக்கு இறங்கியது. கலப்பின விதையானபடியால் வீட்டில் எடுத்து வைத்து மறு வருடம் விதைத்தால் ஒரே சீராக வராது. ஆகவே ஒவ்வொரு ஜூன் மாதமும் கடைக்குப் போக வேண்டும். பாட்டியும் தாயும் குடத்தில் சாம்பல் கலந்து விதை காத்த வழக்கம் பருத்தியைப் பொறுத்தவரை அதற்கு முன்பே மறையத் தொடங்கியிருந்தது. உலகின் முதலாவது வணிகக் கலப்பினப் பருத்தி 1970இல் குஜராத்தின் சூரத் நகரிலிருந்துதான் வெளிவந்தது.

தொடக்க வருடங்களில் பலன் கிடைத்தது என்பதை மறைக்கக் கூடாது. மருந்தடிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நாட்டின் சராசரி விளைச்சல் 2002இல் ஹெக்டேயருக்குச் சுமார் 300 கிலோ பஞ்சாக இருந்து 2007இல் 550 கிலோ வரை உயர்ந்தது. பசளையும் நீர்ப்பாசனமும் கூடியதும், 2002 வறட்சி ஆண்டாக இருந்ததும் இதில் சேரும். காய் கூடியதால் பஞ்சு பறிக்கும் பெண்களுக்கு வேலைநாட்கள் கூடின. மருந்தடிக்கும் ஆண்களுக்கு வேலை குறைந்தது. காணியில்லாத பெண்ணின் கையில் காசு கொஞ்சம் சேர்ந்தது அக்காலத்தில்தான்.

வீசியெறிந்த சிறிய பக்கற்

இனி நான் சொல்ல வருவது ஒரு சிறிய பக்கற்றின் கதை. முன்பெல்லாம் பி.ரி. விதை வாங்கும்போது 450 கிராம் பக்கற்றோடு 120 கிராம் எடையுள்ள இன்னொரு பக்கற் இலவசமாக வந்தது. அதில் இருந்தது மரபணு மாற்றம் செய்யப்படாத சாதாரண பருத்தி விதை. வயலைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, இதனை விதைக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம்.

காரணம் இதுதான். கோடிக்கணக்கான புழுக்களில் ஒன்றிரண்டு பி.ரி. விஷத்தைத் தாங்கும் தன்மையோடு பிறக்கும். வயல் முழுவதும் பி.ரி. செடியே இருந்தால் அந்த ஒன்றிரண்டு மாத்திரம் பிழைத்து, அந்துப்பூச்சியாகி, தமக்குள் கூடி, தாங்கும் சந்ததியைப் பெருக்கிவிடும். பக்கத்தில் சாதாரண பருத்தி இருந்தால் அங்கே சாதாரண புழுக்களும் பிழைத்திருக்கும். தாங்கும் பூச்சி அவற்றோடு கூடும். பிறக்கும் குஞ்சுகள் மறுபடியும் விஷத்துக்கு மடியும். சுருங்கச் சொன்னால், நாளைய பயிரைக் காக்க இன்று கொஞ்சப் பருத்தியைப் புழுவுக்குப் படைக்க வேண்டும்.

அநேக விவசாயிகள் அந்தச் சிறிய பக்கற்றை வீசினார்கள். சிலர் மாட்டுக்குப் போட்டார்கள். முளைக்காத இடைவெளிகளை நிரப்பப் பாவித்தவர்களும் உண்டு. இதனை அறியாமை என்று வேளாண் அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று ஏக்கர் குத்தகைக் காணியில், மாதம் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கி விதைத்தவரிடம் போய் ஐந்தில் ஒரு பங்கைப் புழு தின்ன விடு என்றால் அவர் என்ன செய்வார்? அயல் வயல்காரர் விடாமல் தான் மட்டும் விட்டால் நட்டம் தனக்கு, நன்மை ஊருக்கு. அந்தச் சிறிய பக்கற்றின் விதை பல சமயம் தரமற்றதாகவும், பெரிய பக்கற்றின் வகையோடு ஒரே காலத்தில் பூக்காததாகவும் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏன் இது வைக்கப்பட்டிருந்தது என்பதை விளங்கப்படுத்தியவர்களும் குறைவு. விளங்கப்படுத்தப் போனவர்கள் கடைவாசல் ஆண்களோடு நின்றுவிட்டார்கள். ஊன்றுகிற பெண்ணிடம் ஒருவரும் போகவில்லை.

எந்த விதை வாங்குவது என்பதும் இதைப் போலத்தான். கிளென் டேவிஸ் ஸ்டோன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் வாரங்கல் கிராமங்களில் பல வருடங்கள் தங்கிப் பார்த்தார். ஒரு வருடம் ஊர் முழுவதும் ஒரு விதைப் பெயரின் பின்னால் ஓடும். மறு வருடம் அது மறந்துபோய் வேறொரு பெயர். ஒரு வகையை நாலைந்து பருவம் வைத்துப் பார்த்து அறியும் அவகாசமே இல்லை. கடைக்காரர் சொன்னது, அயலவர் வாங்கியது, இவையே வழிகாட்டி. நூற்றுக்கணக்கான பெயர்களில் விதை விற்கப்படும்போது யார்தான் ஆராய்ந்து வாங்குவது? சேலைக் கடையில் எல்லோரும் எடுப்பதை நாமும் எடுப்பதில்லையா?

கைகளுக்குத் தெரிந்த செய்தி

2010இல் மொன்சாண்டோவே ஒப்புக்கொண்டது: குஜராத்தின் நான்கு மாவட்டங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதலாவது பி.ரி. விதையைத் தாங்கப் பழகிவிட்டது. 2006இல் வந்த, இரண்டு மரபணு கொண்ட புதிய விதையும் 2014, 15ஆம் ஆண்டுகளில் அங்கே தோற்றது. 2017இல் மகாராஷ்டிரம் முழுவதும் இந்தப் புழு பரவியது. 2021க்குப் பின் பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பக்கமும் போய்விட்டது.

இந்தப் புழுவின் சூட்சுமம், அது காயின் உள்ளே ஒளிந்திருக்கும். வெளியே நின்று பார்த்தால் வயல் செழிப்பாகவே தெரியும். பஞ்சு பறிக்கும் பெண்ணின் விரல்தான் அதனை முதலில் அறியும். காய் நான்காக மலராமல் அரைகுறையாக வெடித்திருக்கும். பஞ்சு இழுத்தால் வராது. வந்ததும் மஞ்சள் கறையோடு ஒட்டிக்கொண்டு வரும். காய்ந்த காயின் முனைகள் விரல் நகத்தடியில் குத்தும். இடுப்பில் கட்டிய துணிப் பையை நிரப்ப முன்பு எடுத்த நேரத்தை விட இரட்டிப்பு நேரம் எடுக்கும். கூலியோ கிலோவுக்கு இவ்வளவு என்று. கறைப் பஞ்சுக்கு விலை குறைவு என்பது காணிக்காரரின் நட்டம். நிறை குறைவு என்பது அவளின் நட்டம். அவளின் நட்டம் எந்த நட்டஈட்டுப் படிவத்திலும் ஏறுவதில்லை.

புழு திரும்பி வந்ததும் மருந்தும் திரும்பி வந்தது. அதோடு பி.ரி. புரதம் புழுக்களுக்கு மாத்திரமே. சாறுறிஞ்சும் பூச்சிகளை அது ஒன்றும் செய்யாது. 2015இல் பஞ்சாபின் பருத்தியை அழித்தது வெள்ளை ஈ. நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் முன்னாள் பணிப்பாளர் கே.ஆர். கிராந்தியும் மேலே சொன்ன ஸ்டோனும் சேர்ந்து 2020இல் எழுதிய கட்டுரையில், பி.ரி. வருவதற்கு முன்பு செலவிட்டதை விட விவசாயி இப்போது பூச்சி மருந்துக்குக் கூடுதலாகச் செலவிடுகிறார் எனக் கணக்குக் காட்டினார்கள்.

2017 ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை யவத்மால் மாவட்டத்தில் நடந்தது இந்தத் திரும்பி வருதலின் கொடூரம். மருந்தடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிலருக்குக் கண்பார்வை மங்கியது. அவ்வருடம் செடிகள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தன. தலைக்கு மேலே தூவிய மருந்து முகத்தில் விழுந்தது. இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து அடித்தார்கள். முகக்கவசமும் கையுறையும் இல்லை. இறந்தவர்கள், பிழைத்தவர்கள் பற்றிய செய்திகள் வந்தன. மருந்து கலக்கத் தண்ணீர் சுமந்து கொடுத்த பெண்கள், அந்த நனைந்த சட்டையை வெறுங்கையால் துவைத்த மனைவிமார் பற்றி அதிகம் வரவில்லை.

சீனாவில் வேறு விதமாக நடந்தது. யாங்சி ஆற்றுப் படுகையின் விவசாயிகள் கலப்பின விதையின் இரண்டாம் தலைமுறை விதையை விலை மலிவு என்பதற்காக விதைத்தார்கள். அவ்வாறு விதைத்தால் நான்கில் ஒரு செடி பி.ரி. இல்லாமல் சாதாரண செடியாகவே முளைக்கும். எவரும் திட்டமிடாமலே புழுவுக்கு ஒரு பங்கு கிடைத்துவிட்டது. தாங்கும் புழு பெருகவில்லை. இருந்ததும் குறைந்துபோனது என 2017இல் விஞ்ஞானிகள் எழுதினார்கள். சட்டமும் இலவசப் பக்கற்றும் செய்ய முடியாததை அங்கே சிக்கனம் செய்தது.

களை பிடுங்குபவளின் கூலி

இப்போது விதர்பாவில் பேசப்படுவது இன்னொரு விதை. களைநாசினியைத் தாங்கும் பருத்தி. கிளைபோசேற் என்ற மருந்தை வயல் முழுக்க அடித்தால் புல் பூண்டெல்லாம் கருகும், பருத்தி மாத்திரம் நிற்கும். இதற்கு அனுமதி வழங்கப்படாத நிலையிலேயே களவாக விற்பனையாகி விதைக்கப்பட்டது. 2019 ஜூன் மாதத்தில் அகோலா மாவட்டத்தில் ஷேத்கரி சங்கட்டனா என்ற விவசாயிகள் அமைப்பு ஆயிரம் பேருக்கு மேல் கூட்டி, பகிரங்கமாகவே விதைத்துக் காட்டியது. ஐந்து வருடச் சிறையும் ஒரு இலட்சம் ரூபா தண்டமும் விதிக்கக்கூடிய குற்றம் என்பதை அறிந்தே செய்தார்கள்.

அவர்கள் சொல்லும் காரணம் எளிது. களை பிடுங்க ஆட்கள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டாது. இங்கே ஆட்கள் என்றால் பெண்கள். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மழை விட்ட நாட்களில் வரிசையாக உட்கார்ந்து உட்கார்ந்து நகரும் பெண்கள். இடுப்பு முறியும் வேலை. இதனை ஒழித்தால் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். இரண்டு ஏக்கரைத் தானே களை எடுக்கும் சிறு காணிக்காரியும் அப்படி நினைக்கலாம். பக்கத்து வீட்டில் காணியே இல்லாத பெண் என்ன நினைப்பாள்? பஞ்சு வெடிக்கும் வரை அவள் வீட்டில் அடுப்பெரிவது அந்தக் களைக் கூலியில்தான். ஒரே ஊரில், ஒரே விதையைப் பற்றி இரண்டு பெண்களுக்கு இரண்டு பதில். மாதர் நலன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாத இடம் இது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் கிளைபோசேற்றைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் பொருட்களின் வரிசையில் சேர்த்தது. களை பிடுங்கும் வேலை போய் மருந்து அடித்த வயலில் வேறு வேலைக்கு இறங்குபவளுக்கு அதனையும் சொல்ல வேண்டும்.

விதை பிறக்கும் இடத்தையும் ஒரு கணம் பார்க்கலாம். கலப்பின விதை கைகளால் உண்டாவது. மாலையில் மலரப்போகும் மொட்டைப் பிரித்து மகரந்தத்தை அகற்றி, கடதாசி உறையால் மூடி, மறுநாள் காலை வேறு செடியின் பூவைக் கொண்டுவந்து தடவ வேண்டும். ஒவ்வொரு பூவாக, மூன்று மாதங்களுக்கு மேல். ஆந்திரம், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய இடங்களில் இந்த வேலையைச் செய்தவர்களில் பெருந்தொகையினர் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுமியர் என்பதை தாவுலூரி வெங்கடேஸ்வரலு என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டையொட்டிய காலம் முதல் தொடர்ந்து வெளிப்படுத்தினார். பெற்றோருக்கு முற்பணம் கொடுத்து, பருவம் முழுவதற்கும் பிள்ளையைப் பிணைத்துக் கொண்டார்கள். அதன் பின் கண்டனங்கள் எழுந்தன, கம்பனிகள் கண்காணிப்புக்கு இணங்கின, எண்ணிக்கையும் குறைந்தது. ஆயினும் முற்றாக நிற்கவில்லை.

காணி யார் பெயரில்

கணவர் தற்கொலை செய்துகொண்ட பின் மகாராஷ்டிர அரசு வழங்கும் உதவி ஒரு இலட்சம் ரூபா. அது எல்லோருக்கும் கிடைக்காது. காணி குடும்பத்தின் பெயரில் இருக்க வேண்டும். கடன் வங்கியிலோ பதிவு பெற்ற வட்டிக்காரரிடமோ வாங்கியதாக இருக்க வேண்டும். விதைக் கடைக்காரரிடம் வைத்த கடனுக்குக் கடதாசி எங்கே இருக்கிறது? பயிர் செய்த பெண்ணே உயிரை விட்டாலும், காணி அவள் பெயரில் இல்லையென்றால் அவளை விவசாயி என்று கணக்கெடுப்பதும் அரிது.

மகாராஷ்டிரத்தில் காணிப் பதிவை 'சாத்-பாரா' என்பார்கள், ஏழு-பன்னிரண்டு என்று பொருள். மேலே சொன்ன ஷேத்கரி சங்கட்டனாவே 1990ஐ ஒட்டிய வருடங்களில் 'லக்ஷ்மி முக்தி' என்ற இயக்கத்தை நடத்தியது. மனைவியின் பெயரில் காணியின் ஒரு பங்கை எழுதிக் கொடுக்குமாறு அதன் தலைவர் சரத் ஜோஷி ஆண்களைக் கேட்டார். பல கிராமங்களில் எழுதியும் கொடுத்தார்கள். ஆனால் அது எங்கும் பரவவில்லை. 2018இல் மகளிர் விவசாயிகள் உரிமை மன்றம் விதர்பா, மராத்வாடா பகுதிகளில் இவ்வாறு விதவையான பெண்களைச் சந்தித்து விசாரித்தபோது, கணவரின் காணி தம் பெயருக்கு மாற்றப்படாத பெண்கள் பலர் இருந்தார்கள்.

அவ்வாறான பெண் ஜூன் மாதத்தில் விதைக் கடைக்குத் தானே போகிறாள். பெயரில் காணி இல்லாததால் வங்கி கடன் தருவதில்லை. கடைக்காரர் தருகிறார், பறித்த பஞ்சைத் தனக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. எந்த விதை என்று அவரே சொல்கிறார். டிசம்பருடன் செடிகளைப் பிடுங்கி எரித்துவிட்டால் அடுத்த வருடத்துக்குப் புழு தங்காது என வேளாண் அதிகாரிகள் சொல்கிறார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். ஆனால் ஜனவரியில் பறிக்கும் கடைசிப் பஞ்சு கடைக்காரரின் கணக்கில் சேராது. அது பிள்ளையின் பாடசாலைக்கு. ஆகவே செடியை நிற்க விடுகிறாள்.